உல்ம் மின்ஸ்டர்: ஆயர் இல்லாத ஊரில் இவ்வளவு பெரிய பங்குக் கோயில் ஏன்? கோபுரம் ஏன் விரிசல் விட்டது?

பாலாறு (#1)

2025 அக்டோபர் 30 அன்று பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா 162.91 மீட்டரைத் தொட்டதும், "உலகின் உயரமான தேவாலயம் என்ற பட்டத்தை ஜெர்மனியின் உல்ம் கதீட்ரல் இழந்தது" என்று எல்லா இடத்திலும் செய்தி ஓடியது. உல்ம் கோபுரம் 161.53 மீட்டர். 1890-லிருந்து 135 வருஷம் முதலிடத்தில் இருந்திருக்கிறது.

என் கேள்விகள்: உல்மில் ஆயரே கிடையாது என்கிறார்கள், அப்புறம் அது எப்படி கதீட்ரல்? 1377-ல் கால்கோள் போட்டு 1890-ல் கலசம் ஏற்றியதற்குப் பணத் தட்டுப்பாடு மட்டும்தான் காரணமா? 1490-களில் கோபுரத்திலிருந்து கல் விழுந்து தலைமைக் கொத்தனாரே ஊரை விட்டுப் போனதாகப் படித்தேன். அதில் தப்பு யார் பேரில்?

---

கல்வெட்டான் (#2)

கதீட்ரல் இல்லை. ஆயரின் ஆசனம், அதாவது "கதேத்ரா", எங்கே இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். இடைக்காலத்தில் உல்ம் நகரம் கான்ஸ்டன்ஸ் மறைமாவட்டத்தில் சேர்ந்தது. ஆயர் இருந்தது கான்ஸ்டன்ஸில். உல்மில் இருப்பது சுத்தமான பங்குக் கோயில். ஞானஸ்நானம், கல்யாணம், ஞாயிற்றுப் பூசை, சாவுச் சடங்கு என்று ஊர் ஜனங்களுக்கான கோயில். "மியூன்ஸ்டர்" (ஆங்கிலத்தில் மின்ஸ்டர்) என்ற ஜெர்மன் சொல் லத்தீனில் மடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இங்கே மடமும் ஒருபோதும் இருந்ததில்லை. பெரிய கோயிலுக்கெல்லாம் அந்தப் பக்கத்தில் அப்படிப் பெயர் வைத்துவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு பெரிசு என்பதற்குப் பதில் 1376-ல் இருக்கிறது. அதுவரை ஊரின் பங்குக் கோயில் மதிலுக்கு வெளியே வயற்காட்டில் இருந்தது. 1376-ல் பேரரசர் நான்காம் கார்ல் ஊரை முற்றுகையிட்டார். மதில் கதவைச் சாத்தினால் கோயிலும் கல்லறையும் எதிரி பக்கம் போய்விடும். பூசைக்குப் போகக்கூட வழியில்லை. அதே வருஷம் உல்ம் முன்னின்று, சுவாபியா என்கிற தென்மேற்கு ஜெர்மானியப் பகுதியின் 14 நகரங்களின் கூட்டணி அமைந்தது. பணமும் இருந்தது. பருத்தியும் ஆளிநூலும் (லினன்) கலந்து நெய்த பார்ஹென்ட் துணிதான் ஊரின் முதுகெலும்பு. பருத்தி வெனிஸ் வழியாக ஆல்ப்ஸ் மலை தாண்டி வந்தது.

1377 ஜூன் 30. நகரத்தலைவர் லுட்விக் கிராஃப்ட் மூலைக்கல்லை வைத்தார். கல்லின் மேல் நூறு பொற்காசு பரப்பினார் என்பது ஊரில் வழிவழியாக வரும் பேச்சு, அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் விட்டுவிடுகிற இன்னொன்று: பழைய பங்குக் கோயிலின் உரிமை ஊர்க்காரர்களிடம் இல்லை, ரைஷெனாவ் மடத்திடம் இருந்தது. பாதிரியாரை நியமிப்பதும் வருமானமும் அவர்கள் கையில். அந்த உரிமைகளை நகரசபை பின்னாளில் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆக கல்லுக்குக் காசு கொடுத்தது ஊர், கணக்கு வைத்தது ஊர், கொத்தனாரை வேலைக்கு வைத்ததும் நீக்கியதும் ஊர். ஆயரும் இல்லை, அரசரும் இல்லை. பின்னால் நடந்த எல்லாக் கோளாறுக்கும் இது பொருந்தும்: "போதும், இத்தோடு நிறுத்து" என்று சொல்ல மேலே யாரும் இல்லை.

---

பாலாறு (#3)

நன்றி ஐயா. 20,000 பேர் நிற்கலாம் என்று ஒரு கணக்கு ஓடுகிறதே, ஊர் ஜனத்தொகையே சுமார் 10,000 தானே?

---

சாரக்கட்டு (#4)

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. கட்டடம் அடைத்திருக்கும் பரப்பு 8,260 சதுர மீட்டர். அதில் 20,000 பேர் என்றால் சதுர மீட்டருக்கு 2.4 பேர். சுவர், தூண், கோபுரப் பாதம் எல்லாம் கழித்தால் நெருக்கம் இன்னும் கூடும். தேர்க்கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு நின்றால் முடியும். அன்றைக்கு பெஞ்சு கிடையாது, நின்றே பூசை கண்டார்கள், ஆகவே பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது கொள்ளளவு. தேவையைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. இன்றைக்கு நாற்காலி போட்டால் ஏறக்குறைய 2,000 பேருக்கு இடம்.

கோபுரக் கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் "அஸ்திவாரம் போதவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. அந்த அஸ்திவாரம் எந்தக் கட்டடத்துக்காகப் போட்டது என்று கேட்க வேண்டும்.

முதலில் வேலை எடுத்தவர்கள் பார்லர் குடும்பம்: ஹைன்ரிக், மிகாயேல், இன்னொரு ஹைன்ரிக். அவர்கள் திட்டம் ஹால் சர்ச். அதாவது நடுக்கூடமும் இரண்டு பக்கக்கூடமும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே அகலம். அகலம் மூன்றுக்கும் 15 மீட்டர் வாக்கில். இந்த அமைப்பில் ஒரு சௌகரியம் உண்டு. வளைவுக்கூரை எப்போதும் பக்கவாட்டில் தள்ளும். நடுக்கூரை வலப்பக்கம் தள்ளினால், அதே உயரத்தில் பக்கக்கூடத்தின் கூரை இடப்பக்கம் தள்ளும். தூணின் தலையில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தூணுக்கு நேர்ச்சுமை மட்டும் மிச்சம். வெளிச்சுவரில் முட்டுச்சுவர் கனமாக இருந்தால் போதும்.

1392-ல் உல்ரிக் என்சிங்கர் வருகிறார். திட்டத்தை மாற்றுகிறார். நடுக்கூடத்தை மேலே உயர்த்து, மேற்கே ஒற்றைப் பெரிய கோபுரம் எழுப்பு. இன்றைய அளவைப் பாருங்கள்: நடுக்கூடம் 41.6 மீட்டர், பக்கக்கூடம் 20.55 மீட்டர். ஏறக்குறையப் பாதி. இப்போது நடுக்கூரையின் தள்ளுவிசை எங்கே போகும்? பக்கக்கூடத்தின் கூரைக்கு வெகு மேலே, வெறும் சுவரின் தலைமாட்டில் போய் இடிக்கும். எதிர்த்துத் தள்ள அங்கே ஒன்றும் இல்லை. அதற்குத்தான் மற்ற ஊர்களில் பக்கக்கூடத்தின் மேலாகப் பாலம் மாதிரி தாங்குவளைவு, அதாவது பிளையிங் பட்ரஸ் போடுவார்கள். உல்மில் அதை அப்போது கட்டவே இல்லை. 1471-ல் மொரிட்ஸ் என்சிங்கர் நடுக்கூடத்துக்கு வளைவுக்கூரை போட்டு முடித்தார். தாங்குவளைவு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். கிட்டத்தட்ட 400 வருஷம் அந்தச் சுவர் தன் கனத்தை வைத்தே சமாளித்தது.

இதோடு கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹால் சர்ச்சுக்குக் கணக்கிட்ட தரைத்திட்டத்தின் மேற்கு நுனியில், கடைசியில் 51,500 டன் ஆகப்போகிற ஒன்று ஏறுகிறது.

---

மேற்குவாசல் (#5)

சாரக்கட்டு சார், ஒரு மறுப்பு. உல்ரிக் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயம் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் கோபுர வேலையையும் 1399-லிருந்து அவர்தான் பார்த்தார். சுமையும் தள்ளுவிசையும் தெரியாத ஆள் அல்ல. 1419-ல் அவர் செத்துப்போகும்போது உல்ம் கோபுரம் கீழ்க்கட்டில்தான் நிற்கிறது. அதற்கப்புறம் மருமகன் ஹான்ஸ் குன், கஸ்பார் குன், மகன் மத்தேயுஸ் என்சிங்கர், பேரன் மொரிட்ஸ் என்று கை மாறிக்கொண்டே போயிற்று. 1477-ல் வந்த மத்தேயுஸ் போப்லிங்கர் கோபுரத்தின் மேற்பகுதிக்குப் புது வரைபடம் போட்டு இன்னும் உயரத்துக்குப் போனார். சதுரக் கட்டு 70 மீட்டரைத் தொட்டதும்தான் கோளாறு வெளியே தெரிந்தது.

---

சாரக்கட்டு (#6)

மறுப்பு ஏற்கத்தக்கது, பாதி மட்டும். போப்லிங்கர் தவறே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊர் அவரைத் துரத்தியதற்கும் உண்மையான காரணத்துக்கும் தூரம் அதிகம்.

நடந்தது இது. 1492 அல்லது 1493 (நூல்களில் இரண்டும் இருக்கிறது). கோயிலில் வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதே கோபுரத்தின் உட்புறத்திலிருந்து கற்கள் விழுந்தன. ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். போப்லிங்கர் ஊரை விட்டுப் போனார். 1505-ல் எஸ்லிங்கனில் செத்தார்.

கோபுரத்தில் இருந்த மூலக் குறை இதுதான். அதன் கிழக்குப் பக்கம் நடுக்கூடத்தை நோக்கிப் பெரிய வளைவாகத் திறந்திருக்கிறது. வடக்கு, தெற்குப் பக்கங்களும் அப்போது பக்கக்கூடங்களை நோக்கி வளைவாகத் திறந்திருந்தன. நாலு பக்கச் சுவரும் அடியில் ஓட்டையாக இருந்தால் முழுச்சுமையும் நாலு மூலையில் இறங்கும். மேற்கு மூலை இரண்டுக்கும் வெளியே முட்டுச்சுவர் இருக்கிறது. கிழக்கு மூலை இரண்டும் கோயிலுக்குள் நிற்கிற தூண்கள். அங்கே முட்டுச்சுவர் வைக்க இடமே இல்லை. ஆக நாலு காலில் இரண்டு கால் மெலிசு. ஒரு பக்கம் கூடுதலாக இறங்கினால் வளைவு வாய் பிளக்கும், வாய் பிளந்தால் சாந்து உதிரும், சாந்து உதிர்ந்தால் ஆப்புக்கல் நழுவும். அன்றைக்கு விழுந்தது அப்படிப்பட்ட கல்தான் என்பது என் கணிப்பு.

இன்னொன்று: கனமான கோபுரமும் லேசான கூடமும் ஒட்டி நின்றால் கோபுரம் அதிகமாக அமிழும். சேருமிடத்தில் சாய்வாக விரிசல் ஓடும். எந்த ஊர்க் கட்டடத்திலும் இதைப் பார்க்கலாம்.

---

பாலாறு (#7)

சரி, பிறகு எப்படிக் காப்பாற்றினார்கள்? இடித்துவிட்டுக் கட்டவில்லையே?

---

சாரக்கட்டு (#8)

அதுதான் இந்தக் கதையில் மிக நல்ல பகுதி. ஆக்ஸ்பர்கிலிருந்து புர்க்ஹார்ட் எங்கல்பெர்க் என்ற கொத்தனாரை அழைத்தார்கள். அவர் செய்தது மூன்று வேலை.

முதல் வேலை, கோபுரத்தின் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தியது. நிற்கிற கட்டடத்துக்கு அடியில் வேலை செய்யும்போது யாரும் நீளமாகத் தோண்ட மாட்டார்கள். துண்டு துண்டாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, அடைத்து, சாந்து இறுகக் காத்திருந்து, அப்புறம்தான் நடுத்துண்டைத் தொடுவது. ஒரே நேரத்தில் வரிசையாகத் தோண்டினால் மேலே இருப்பது உட்கார்ந்துவிடும். சுண்ணாம்புச் சாந்து இறுகும் வேகத்தை வைத்துப் பார்த்தால் இது மாசக்கணக்கில் முடிகிற காரியம் இல்லை.

இரண்டாவது, கோபுரத்தின் வடக்கு, தெற்கு வளைவுகளை அடைத்துச் சுவராக்கினார். நாலு கால் நாற்காலியாக இருந்ததை, மூன்று பக்கம் அடைத்த பெட்டியாக மாற்றிவிட்டார். சுமை மூலைகளில் குவியாமல் சுவர் நெடுகப் பரவும். உள்ளே நுழைந்ததும் கோபுரக்கூடம் பக்கக்கூடங்களோடு சேராமல் தனி அறைபோல இருப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, 1502-லிருந்து 1507 வரை, பக்கக்கூடங்கள் ஒவ்வொன்றையும் நடுவில் மெல்லிய உருண்டைத் தூண் வரிசை போட்டு இரண்டாகப் பிளந்தார். பழைய அகலக் கூரையை எடுத்துவிட்டு, இரண்டு சின்ன வலைவிலா வளைவுக்கூரை (வலைபோல் கல் விலாக்கள் ஓடும் கூரை) போட்டார். மூன்று கூடக் கோயில் ஐந்து கூடக் கோயிலானது அப்படித்தான். முதல் திட்டத்திலேயே ஐந்து கூடம் என்று சில வழிகாட்டிகள் சொல்கிறார்கள், அது தவறு.

இதனால் என்ன லாபம் என்பதற்கு எளிய கணக்கு: வளைவின் தள்ளுவிசை, அகலத்தின் வர்க்கத்தை வளைவின் எழுச்சியால் (அடியிலிருந்து உச்சி வரை உள்ள உயரத்தால்) வகுத்ததைப் பொறுத்துக் கூடும். 15 மீட்டர் அகலம் 7.5 ஆனால், எழுச்சி அப்படியே இருந்தால் தள்ளு நாலில் ஒன்று. எழுச்சியும் பாதியானால்கூட தள்ளு முன்பிருந்ததில் பாதிதான். நடுத்தூண் மேல் இருபுறத் தள்ளும் சமமாக அடித்துக்கொள்வதால் அந்தத் தூண் ஒல்லியாக இருந்தாலும் பரவாயில்லை, நேர்ச்சுமை மட்டும் தாங்கினால் போதும். அந்தத் தூண்கள் அவ்வளவு மெலிதாக இருப்பதை அழகுக்காகச் செய்தது என்று நினைப்பார்கள். விசையே அங்கே அவ்வளவுதான்.

---

சுண்ணாம்புக்காரி (#9)

ஒன்று சேர்க்கிறேன். இந்த மாதிரி இடத்தில் பழைய கூரையை எடுப்பதுதான் போடுவதைவிட ஆபத்தானது. முதலில் கீழேயிருந்து சென்ட்ரிங் கொடுத்து விலா வளைவுகளை ஏந்த வேண்டும். பிறகு விலாக்களுக்கு இடையே உள்ள மெல்லிய நிரப்பைப் பிரிக்க வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் சமநிலை போய், மிச்சக் கூரை தூணைத் தள்ளிவிடும். சாவிக்கல், அதாவது உச்சியில் விலாக்களைப் பூட்டும் கல், கடைசியில். புதிதாகப் போடும்போது இதற்கு நேர் எதிர் வரிசை: விலா முதலில், சாவிக்கல்லில் விலா பூட்டிய பிறகு நிரப்பு. சென்ட்ரிங்கை ஒரே நாளில் தட்டிவிடக் கூடாது. ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் சாந்து நசுங்கி, கல் தன் இடத்தில் உட்காரும். அப்போது மயிரிழை விரிசல் வருவது சகஜம். அது நோய் அல்ல.

நோய்க்கும் சகஜத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, விரிசலின் குறுக்கே ஜிப்சம் பட்டை ஒன்று போட்டு அதன் மேல் தேதி எழுதிவிடுவது வழக்கம். பட்டை உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. உடையாமல் வருஷம் தாண்டினால் பழைய அசைவு. வெயில் குளிருக்கு விரிசல் கொஞ்சம் திறந்து மூடும் என்பதால் ஒரு முழு வருஷமாவது பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

---

கல்வெட்டான் (#10)

"பணத்தட்டுப்பாடு மட்டுமா" என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். 1543-ல் வேலை நின்றது. அப்போது கோபுரம் தற்காலிகத் தொப்பிக் கூரையோடு சுமார் 100 மீட்டர். நின்றதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது, ஆனால் கனமான காரணம் 1530-ல் இருக்கிறது.

அந்த வருஷம் நவம்பரில் உல்ம் நகரசபை குடிமக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டது: பழைய கத்தோலிக்க வழியையே வலியுறுத்திய ஆக்ஸ்பர்க் பேரவையின் தீர்மானத்தை ஏற்பதா, புதிய போதனையோடு, அதாவது புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தோடு, போவதா? ஏறக்குறைய 87 சதவீதம் பேர் புதிய போதனைக்கு. கட்டட வேலைக்குக் காசு வந்துகொண்டிருந்தது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். செத்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை, அதற்கொரு பீடம், அதற்கொரு அறக்கட்டளை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பீடங்கள் உள்ளே இருந்தன. 1531 கோடையில் அவற்றை அகற்றினார்கள், ஆர்கன் இரண்டையும் இறக்கினார்கள். ஆன்மாவுக்காகப் பணம் கொடுப்பது அர்த்தமற்றது என்று முடிவானதும், கோபுரத்தின் வருமான ஊற்றே அடைந்துபோனது. வணிகப் பாதைகள் கடல் பக்கம் நகர்ந்ததும், உள்நாட்டுச் சண்டைகளும் சேர்ந்துகொண்டன. ஆனால் கோயில் கைவிடப்படவில்லை. பங்குக் கோயிலாகவே நீடித்தது, இன்றும் லுத்தரன் சபையின் கோயில்.

---

மேற்குவாசல் (#11)

1531 பற்றிப் பேசும்போது "எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள்" என்று ஒரே போடாகப் போடுவது பிழை. பீடம் கொடுத்த குடும்பங்கள் தங்கள் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. சில பீடங்கள் சுற்றுக் கிராமக் கோயில்களுக்குப் போயின. உண்மையான இழப்பு யோர்க் சிர்லின் செய்த தலைமைப் பீடம். அதன் வரைபடம் மட்டும் ஸ்டுட்கார்டில் மிச்சம் இருக்கிறது. இப்போது அங்கே இருப்பது மார்ட்டின் ஷாஃப்னரின் 1521-ஆம் ஆண்டுப் பீடம், ஹுட்ஸ் குடும்பத்துக்காகச் செய்தது.

அதே சிர்லினின் பாடகர் இருக்கைகள் தப்பின. 1469-லிருந்து 1474 வரை, ஓக் மரத்தில். இதை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். இருக்கை வரிசையின் பக்க முனைகளில் மார்பளவு உருவங்கள். ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். ஆண்களில் பிதாகரஸ், சிசெரோ, தாலமி, டெரன்ஸ், செனெகா, குயின்டிலியன்: ஒருவரும் கிறிஸ்தவர் அல்லர். பெண்கள் பக்கம் சிபில் என்கிற குறிசொல்லிகள். வரிசை வரிசையாக மேலே போகும்போதுதான் பழைய ஏற்பாட்டுக்காரர்கள், அதற்கு மேலே அப்போஸ்தலர்களும் புனிதர்களும். ஒரு பங்குக் கோயிலின் புனித இடத்தில் கீழ்வரிசையை ரோமானிய நாடக ஆசிரியருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிதாகரஸ் தந்தி வாத்தியத்தின் மேல் விரலை வைத்துத் தலையைச் சாய்த்து, சுருதி சரியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கும்.

மேற்கு வாசலின் நடுத்தூணில் ஹான்ஸ் முல்ட்சர் 1429-ல் செய்த துயருறும் இயேசு. வெளியே இருப்பது நகல், அசலை மழை தின்னாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கண்ணாமூச்சி: கோயில் 1377-ல் தொடங்கியது, ஆனால் பக்கவாசல்களின் மேலே உள்ள சில கற்சிற்பங்கள் அதைவிடப் பழையவை. மதிலுக்கு வெளியே இருந்த பழைய பங்குக் கோயிலை இடித்தபோது வாசல்களைச் சிற்பத்தோடு பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பொருத்திவிட்டார்கள். வாசல் சிற்பத்தின் பாணியை வைத்துச் சுவருக்குக் காலம் சொல்லிவிடாதீர்கள்.

---

பாலாறு (#12)

கோபுரத்தின் மேல்பாதி 1880-களில் கட்டியது என்றால், இதை இடைக்காலக் கோயில் என்று சொல்லலாமா?

---

கல்வெட்டான் (#13)

சண்டைக்கு இழுக்கிறீர்கள். எனக்குப் பதில் தெளிவு: கூடமும், பலிபீடப் பகுதியும், கோபுரத்தின் சதுரக் கட்டும் இடைக்காலத்தவை. 70 மீட்டருக்கு மேலே உள்ளது எல்லாம் 19-ஆம் நூற்றாண்டு.

வேலை மறுபடி தொடங்கியது 1844-ல், ஃபெர்டினான்ட் த்ரேன் தலைமையில். அவர் முதலில் கோபுரத்தைத் தொடவில்லை. தாங்குவளைவுகளைக் கட்டினார். சாரக்கட்டு சொன்ன அந்தப் பாதுகாப்பில்லாத நடுக்கூடச் சுவருக்கு அப்போதுதான் ஆதரவு வந்தது. அவருக்குப் பின் லுட்விக் ஷோய் கிழக்கே உள்ள இரட்டைக் கோபுரங்களை எழுப்பினார், ஒவ்வொன்றும் 86 மீட்டர். 1880-களில் ஆகுஸ்ட் பையர் பெரிய கோபுரத்தை எடுத்தார். அவரும் முதலில் அஸ்திவாரத்தை மறுபடி பலப்படுத்திவிட்டுத்தான் மேலே போனார். கடைசிக் கல் 1890 மே 31.

போப்லிங்கரின் வரைபடம் தப்பியிருந்தது, அதைப் பின்பற்றித்தான் கட்டினார்கள். ஆனால் அப்படியே இல்லை, உயரத்தைக் கூட்டினார்கள். 1880-ல் கொலோன் கதீட்ரல் 157 மீட்டரில் முடிந்திருந்தது என்பதைச் சேர்த்துப் படித்தால் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஆயர் ஊரைவிடப் பங்குக் கோயில் 4 மீட்டர் கூடுதல்!

---

மேற்குவாசல் (#14)

நான் அந்தக் கோட்டை 70 மீட்டரில் போட மாட்டேன். 15-ஆம் நூற்றாண்டுக் கொத்தனார் தோலில் வரைந்த வடிவம், 19-ஆம் நூற்றாண்டுக் கொத்தனார் கல்லில் செய்தது. இசையை எழுதியவர் ஒருவர், வாசித்தவர் ஒருவர் என்றால் யாருடைய காலம் என்று சொல்வீர்கள்?

---

கல்வெட்டான் (#15)

வாசித்தவர் இடையில் இரண்டு சரணம் தானாகச் சேர்த்திருக்கிறாரே! இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

---

சுண்ணாம்புக்காரி (#16)

யாரும் பராமரிப்பைப் பேசவில்லை, நான் பேசுகிறேன். இந்தக் கோயிலுக்குச் சொந்தமாகக் கல்தச்சுப் பட்டறை இன்றும் ஓடுகிறது. இப்படிப்பட்ட கோயில் பட்டறைகளின் முறையை யுனெஸ்கோ 2020-ல் நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், நார்வே, சுவிட்சர்லாந்து என்று ஐந்து நாடுகளின் பட்டறைகள் அதில் உண்டு.

கட்டடம் முழுக்கக் கல் என்று நினைக்காதீர்கள். சுவரில் பெரும்பகுதி செங்கல், மூலை, ஜன்னல் சட்டம், விலா, அலங்காரம் எல்லாம் கல். இரண்டும் ஈரத்தை வேறு வேறு வேகத்தில் குடித்து வெளியே விடும். இணைப்பில் போடும் சாந்து இரண்டையும்விட மிருதுவாக, ஈரத்தை எளிதில் விடுவதாக இருக்க வேண்டும். சிமென்ட் சாந்து போட்டுப் பூசினால் என்ன ஆகும்? ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும். கூடவே உப்பும் வரும், கல்லின் முகத்துக்கு அடியில் படிகமாகும், முகம் அப்பளம் மாதிரி உரிந்து விழும். இணைப்பு மட்டும் விளிம்பு விளிம்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிமென்ட் பூச்சு போட்ட பழைய சுவரில் இந்தக் காட்சி எங்கும் ஒன்றுதான். எப்போதும் தோற்க வேண்டியது சாந்து, கல் அல்ல. சாந்தைச் சுரண்டி எடுத்து மறுபடி வைக்கலாம், கல்லை அப்படி வைக்க முடியாது.

இரண்டாவது எதிரி இரும்பு. கல்லோடு கல்லைப் பிணைக்க உள்ளே வைத்த கவ்விகள். துரு பிடித்தால் இரும்பின் கன அளவு பல மடங்கு பெருக்கும், உள்ளிருந்து கல்லைப் பிளக்கும். ஈயம் உருக்கி ஊற்றி மூடியிருந்தால் தாங்கும், ஈயம் எங்கே இடைவெளி விட்டிருக்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கும். புதிதாக மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகு போடுவார்கள்.

மூன்றாவது கொஞ்சம் அசிங்கம். 2016-ல் செய்தியாகவே வந்தது: ராத்திரி குடித்துவிட்டு வருகிறவர்கள் சுவரோரம் சிறுநீர் கழிப்பதால் அடிவரிசை மணற்கல் அரிக்கப்படுகிறது என்று பட்டறை முறையிட்டது. சிரிக்கிற விஷயம் இல்லை, மேலே சொன்ன அதே உப்புப் படிகக் கதைதான். 500 வருஷம் மழையைத் தாங்கிய கல்லை இது தின்கிறது.

---

பாலாறு (#17)

போய்ப் பார்க்கிறவர்கள் இதையெல்லாம் எங்கே நின்று கவனிப்பது?

---

சாரக்கட்டு (#18)

மேற்கு வாசலில் நுழைந்து நேரே போய்விடாதீர்கள். கோபுரக்கூடத்திலேயே நின்று இடமும் வலமும் பாருங்கள். எங்கல்பெர்க் அடைத்த வளைவுகள் அங்கேதான். பிறகு பக்கக்கூடத்துக்குப் போய் ஒல்லித் தூணையும், நடுக்கூடத்தைத் தாங்கும் பெரிய தூணையும் ஒரே பார்வையில் வாங்குங்கள். பருமனில் உள்ள வித்தியாசம்தான் இங்கே இவ்வளவு நேரம் பேசியதெல்லாம்.

வெளியே வந்து, தெற்குப் பக்கத்தில் தள்ளி நின்று தாங்குவளைவுகளைப் பாருங்கள். பழைய சுவரின் நிறமும் அவற்றின் நிறமும் ஒன்றாக இருக்காது.

---

மேற்குவாசல் (#19)

உள்ளே இருக்கும்போது பலிபீடப் பகுதிக்கு முன்னால் உள்ள பெரிய வளைவின் மேலே தலை தூக்கிப் பாருங்கள்: 1471-ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்புச் சுவரோவியம். வெள்ளையடித்து மறைந்து கிடந்து 1880-ல் வெளியே வந்தது. தொலைநோக்கி இல்லாமல் முகங்கள் தெரியாது. பலிபீடப் பகுதியின் வண்ணக் கண்ணாடிகள் 14, 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. போரின்போது கழற்றி எடுத்து வைத்ததால் தப்பின. 1944 டிசம்பர் 17 குண்டுவீச்சில் சுற்றியுள்ள பழைய ஊரில் பெரும்பகுதி அழிந்தது, கோயில் நின்றது. நடுக்கூட ஜன்னல்களில் இப்போதுள்ளவை பிற்காலத்தவை.

நற்கருணைப் பேழையையும் விட்டுவிடாதீர்கள். 26 மீட்டர் உயரத்துக்குக் கல்லில் ஊசியாக எழும்பும். சீர்திருத்தத்துக்குப் பிறகு அதற்கு உபயோகமே இல்லை, ஆனாலும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

---

சுண்ணாம்புக்காரி (#20)

ஏறுகிறவர்களுக்கு: 768 படி, மேல் மாடம் 143 மீட்டரில். நடுவில் 70 மீட்டரிலும் 102 மீட்டரிலும் நின்று மூச்சு வாங்கலாம். வேலை நடக்கும் காலத்தில் மேல்மாடத்தை மூடிவிடுவார்கள், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். கடைசிச் சுருள் படி ஒடுக்கம், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

102-லிருந்து மேலே கூம்பு முழுக்கச் சல்லடைக் கல்வேலை. கூரை கிடையாது, மழை உள்ளே இறங்கும். அதனால் ஒவ்வொரு கல்லின் மேல்முகமும் லேசாக வெளிப்பக்கம் சரித்துச் செதுக்கியிருக்கும், தண்ணீர் இணைப்பில் நிற்காமல் வழிய. ஏறும்போது கைக்கு எட்டுகிற இடத்தில் தடவிப் பாருங்கள், சரிவு விரலுக்குத் தெரியும்.

---

பாலாறு (#21)

முதல் பதிவில் "கதீட்ரல்" என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டிருக்கிறேன், செய்தியில் வந்த சொல் அது. "கலசம்" என்று நான் எழுதியதும் தப்பு, உச்சியில் இருப்பது கல்லால் ஆன பூ.